அக்கா அளவு

தம்பி,

போன வாரம் நீ கொழும்பிலிருந்து பேசியபோது எனக்குச் சளி, தடிமன் என்று சொன்னேனே, அது பொய். குரல் அடைத்துக்கொண்டது உண்மை. காரணம் தடிமன் இல்லை. நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். பயிற்சி முடிந்துவிட்டது, பூச்சிமருந்துக் கம்பனி மோட்டார் சைக்கிள் தருகிறது, முதல் வேலையே நம் பக்கத்தில்தான், கலஹாவிலும் அதற்கு மேலே உள்ள தோட்டங்களிலும் மரக்கறி பயிரிடுகிறவர்கள் எல்லாரும் இனி உன் பொறுப்பு. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். "மத்தவனுங்க புது எடத்துக்குப் போயி ஆளப் பிடிக்கணும்மா. எனக்கு அந்தக் கவலையே இல்ல. கண்டி அக்கா மகன்னு சொன்னா போதும், மருந்த எடுத்துக்குவாங்க" என்றாய். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. ஊர் உன் அம்மாவுக்கு வைத்த அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வாசித்துவிட்டு யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். நம் கடைக்கு வந்து போனவர்கள் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

நான் பயிர்க்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். கண்டியில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தபோது உன் அப்பாவுக்கு மாநகர சபையில் எழுதுவினைஞர் வேலை. சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் அவருடைய வீட்டாரின் பூச்சிமருந்துக் கடை பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. "நீ சும்மாதானே இருக்கிறாய்" என்று என்னை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு எனக்குப் போஞ்சி கொடியில் காய்க்கிறதா, மண்ணுக்குள் விளைகிறதா என்றுகூடச் சரியாகத் தெரியாது, நம்பு. ஆனால் மூன்று பாஷையும் வாசிப்பேன். அந்தச் சந்தில் போத்தலில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை வாசித்துச் சொல்ல ஆள் நான் ஒருத்திதான். காலையில் சந்தையில் மரக்கறியைப் போட்டுவிட்டு, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் தோட்டத்து ஆட்கள் கடைக்கு வருவார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு வாடின இலையை எடுத்து மேசையில் வைப்பார்கள். நான் இலையைத் திருப்பிப் பார்ப்பேன், கம்பனி ஆள் கொடுத்துவிட்டுப் போன படப் புத்தகத்தைப் பார்ப்பேன், ஒரு போத்தலை எடுத்து வைப்பேன். கொஞ்ச நாளில் புத்தகமும் தேவைப்படவில்லை. கடைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் என்னை டொக்டரம்மா என்று கேலி பண்ணினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

மாரிமுத்துவை உனக்கு ஞாபகம் இருக்கும். கலஹாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் வேலை, குடியிருக்கிற லயத்து வீட்டுக்குப் பின்னால் சரிவில் போஞ்சியும் முட்டைக்கோவாவும் போடுவார். நீ சின்னவனாக இருக்கும்போது போஞ்சி மாமா என்று கூப்பிடுவாய். அவர் ஒரு நாள் முகம் தொங்கிப்போய் வந்தார். நான் கொடுத்த மருந்தைப் போத்தலில் போட்டிருந்த அளவுப்படியே கலந்து அடித்திருக்கிறார், புழு சாகவில்லை. அடித்த அன்றைக்கே பின்னேரம் மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மழை விட்டதும் திரும்ப அடியுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டொக்டரம்மாவின் மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு மூடி கூடப் போடுங்க. நான் சொல்றேன், போடுங்க" என்றேன். புழு செத்தது. அடுத்த வாரம் அவர் சிரித்த முகத்தோடு வந்தார், கூட நாலு பேரையும் அழைத்து வந்தார். அதிலிருந்து யார் என்ன மருந்து கேட்டாலும் ஒரு மூடி கூட என்பது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். மருந்தடிக்கிற டாங்கியில் கலக்கும்போது ஒருவரை ஒருவர், போத்தல் அளவா, அக்கா அளவா என்று கேட்டுக்கொள்வார்களாம். நீ பெருமையாகச் சொல்கிறாயே கண்டி அக்கா, அவள் இப்படித்தான் உண்டானாள். படிப்பு இல்லை, பரிசோதனை இல்லை. ஒரு பொம்பிளையின் ரோஷம், ஒரு மூடி.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன் போலிருக்கிறது. நீ வயிற்றில் இருந்தபோது எனக்குச் சாப்பாடு ஒன்றும் இறங்கவில்லை. மாரிமுத்து ஒரு நாள் ஒரு பை போஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். நான் பையைக் கையில் வாங்கிக்கொண்டே, "மருந்து படாததா பார்த்துக் கொண்டாங்க மாரிமுத்து" என்றேன். கேட்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "இது வீட்டுப் பாத்திதான்க்கா. சந்தைக்குப் போறது வேற, நாங்க திங்கிறது வேற" என்றார். லயத்தில் எல்லாரும் அப்படித்தானாம், அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பாத்தியை மருந்தடிக்காமல் விட்டுவைப்பார்களாம். அன்றைக்குத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பை வந்துகொண்டிருந்தது. நீ பல்லு முளைத்த நாளிலிருந்து தின்றது அந்த ஓட்டை விழுந்த கீரையும் வளைந்த போஞ்சியும்தான். உன் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அப்ப நீ கொடுக்கிற மருந்தடிச்சதையெல்லாம் யாரு திங்கிறா?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இரவு அவரோடு பேசவே இல்லை. பதில் இருந்தால் கோபம் வந்திருக்காது. அதைத் தின்றது உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள், பக்கத்துக் கடைக்காரர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள், கண்டியில் காசு கொடுத்து மரக்கறி வாங்கிய எல்லாரும்தான்.

பழி முழுவதையும் நான் சுமக்கப் போவதில்லை, எனக்கு அவ்வளவு பலமும் இல்லை. சந்தையில் நின்று பார். போஞ்சியை ஒடித்துப் பார்த்து, ஒரு புள்ளி இருந்தாலும் கூடையிலேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம்தான். மருந்தடித்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று போத்தலில் போட்டிருக்கும். நான் அதை வாசித்தும் காட்டுவேன். விலை ஏறின அன்றைக்கு யார் இரண்டு வாரம் காத்திருப்பார்கள்? அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரேயடியாக உரமும் மருந்தும் இறக்குமதி இல்லை என்று அரசாங்கத்தில் நிறுத்தினார்களே, அந்த வருடமும் எனக்கு மறக்கவில்லை. மண்ணைக் காப்பாற்றப் போகிறோம் என்று பேசினார்கள். மண்ணுக்கு என்ன ஆனதோ, தேயிலை மஞ்சளித்துப் போனது, போஞ்சி பாதிகூட வரவில்லை, ஒட்டுத்தாள் இல்லாத போத்தல்களை ஆட்கள் எங்கிருந்தோ வாங்கி வந்து என்னிடம் மணந்து பார்க்கச் சொன்னார்கள். இருபது வருடம் அக்கா அளவில் ஊட்டி வளர்த்த மண், ஒரே நாளில் வெறும் சாணியில் எழும்பி நிற்குமா? ஆகவே யாராவது உன்னிடம் வந்து, இதெல்லாம் மிக இலேசு, நாளைக்கே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றால் நம்பாதே. அதே போல, ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவனையும் நம்பாதே. மாரிமுத்துவின் சரிவுக்குக் கீழே ஒரு ஓடை போகிறது. டாங்கியை அதில்தான் கழுவுவார்கள். முன்பு அதில் பிள்ளைகள் துணியை விரித்து மீன் பிடிப்பார்களாம், தவளைச் சத்தத்தில் தூங்க முடியாதாம். இப்போது தண்ணீர் மட்டும் போகிறது. அது பேராதனைப் பக்கம் இறங்கி மகாவலியில் சேர்கிறது, அங்கிருந்து யார் யார் குடிக்கிறார்களோ எனக்குத் தெரியாது. மழை பெய்தால் சரிவு மண் கரைந்து சிவப்பாகப் போகிறதாம். தேனீ இல்லாமல் பூசணிப்பூவுக்குக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்களாம். இதையெல்லாம் அவர்கள் கடையில் நின்று சாதாரணமாகச் சொல்வார்கள், நான் தலையாட்டிக்கொண்டே அடுத்த போத்தலை எடுத்துக் கொடுப்பேன்.

போன வருடம் பை வருவது நின்றது. முதலில் மழை என்று நினைத்தேன், பிறகு விளைச்சல் இல்லை என்று நினைத்தேன். கலஹா ஆள் ஒருவர்தான் மாரிமுத்து மருந்தடித்துக்கொண்டிருக்கும்போதே பாத்தியில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார். ஆப்பிள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது வருடத்துக்கு மேல் அவர் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றிருக்கிறேன், அவர் வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர் கட்டிலில் படுத்திருந்தார். கை இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன, கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. மருந்தால்தானா என்று ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. அவருடைய மனைவி லெட்சுமி பக்கத்து வீட்டில் ஒரு கதிரை வாங்கி வந்து போட்டாள். மறுக்க மறுக்கக் கேட்காமல் உலை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சோறும் பருப்பும் போஞ்சிக் கறியும் என் முன்னால் வந்தன, அப்பளம்கூட எங்கிருந்தோ வாங்கிப் பொரித்திருந்தாள்.

நான் கை கழுவிவிட்டேன், தம்பி. சோற்றில் கை வைத்துவிட்டேன். பழக்க தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "இது வீட்டுப் பாத்தி போஞ்சியா லெட்சுமி?" என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இப்ப வீட்டுப் பாத்தின்னு ஒண்ணு இல்லக்கா. இவரு விழுந்த பொறகு ரெண்டையும் தனித்தனியா பார்க்க யாரு இருக்கா? நான்தான் அடிக்கிறேன். எல்லாத்துக்கும் ஒரே டாங்கிதான், அக்கா அளவுதான்." என் கை அப்படியே நின்றுவிட்டது. நானே சொன்ன அளவு, நானே விற்ற மருந்து, என் தட்டில். அதைப் பிசைந்து வாயில் வைக்க என்னால் முடியவில்லை. "ஐயோ, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. நான் விரதம், மறந்தே போயிட்டேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்ததே இல்லை, உனக்குத் தெரியும். மாரிமுத்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். லெட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். என் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அதே சோற்றை, அதே போஞ்சியை, அவருக்கு உருட்டி உருட்டி ஊட்டினாள். நான் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் நல்லவளாகிவிட்டேன் என்று கதை முடிக்க எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. கடைக்கு வந்தவர்களிடம் போத்தல் அளவு போதும் என்று சொல்லத் தொடங்கினேன். முகமூடி கட்டுங்கள், ஓடையில் கழுவாதீர்கள் என்றேன். சிரித்தார்கள். அக்காவுக்கு வயதாகிவிட்டது, பயப்படுகிறார் என்றார்கள். சிலர் பக்கத்துச் சந்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் அக்கா அளவுதான் சொல்கிறார்களாம், என்னை விட்டு என் அளவு தனியாக நடக்கப் பழகிவிட்டது. அதைத் திருப்பிக் கூப்பிட என்னால் முடியவில்லை. சில நாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றையும் மூடிவிடலாமா என்று தோன்றும். மூடினால் மட்டும் லெட்சுமி அடிப்பது நிற்குமா என்றும் தோன்றும். களைத்துவிட்டேன், தம்பி. உடம்பு இல்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. உன் சத்தம் தொலைபேசியில் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டபோது அந்தக் களைப்புத்தான் தொண்டையில் வந்து நின்றது.

வேலையை விடு என்று நான் எழுதவில்லை. எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தக் கடையில் வந்ததில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். நீ என்னைவிடப் படித்தவன், எந்த மருந்து எதற்கு, எத்தனை நாளில் அது மண்ணில் கரையும் என்றெல்லாம் உனக்குத் தெரியும். ஒருவேளை என்னால் கெட்டதை உன்னால் கொஞ்சம் சரிப்படுத்த முடியுமோ என்னவோ. ஆனால் என் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த லயத்து வாசலிலும் நிற்காதே. அந்தப் பெயரைக் கேட்டதும் அவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், தலையாட்டிவிட்டு வாங்கிக்கொள்வார்கள். உன்னைக் கேள்வி கேட்கிற ஆட்கள்தான் உனக்கு வேண்டும். மேலதிகாரி இத்தனை போத்தல் போக வேண்டும் என்று நெருக்குவார், எனக்குத் தெரியும், என்னையும் நெருக்கியிருக்கிறார்கள். அப்போது உனக்கு ஒரு மூடி கூட என்று சொல்ல வாய் வரும். இலேசாக வரும். அந்த நேரத்தில் நீ நிற்கிற வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், அதை மட்டும் நினைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கலஹாவுக்குப் போனேன். நீ பேசின பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாரிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். லெட்சுமி பாத்தியில் நின்றாள், நான் சரிவில் இறங்கி அவளிடம் போனேன். "அன்னைக்கு நான் விரதம் இல்ல லெட்சுமி" என்றேன். அவள் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. பாத்தியைக் கேட்டீங்களே, அப்பவே தெரியும்" என்றாள். பிறகு நான் போத்தல் அளவைச் சொன்னேன், ஏன் அது போதும் என்று சொன்னேன், அந்த ஒரு மூடி எங்கிருந்து வந்தது என்பதையும் மழையையும் என் ரோஷத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமும் அது சும்மாவா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. மண்ணை உதறிவிட்டு வீட்டுக்குப் போனாள், பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள். சோற்று நேரம்தான் அது, உள்ளே கறி வாசம் வந்தது, ஆனால் சாப்பிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புறப்படும்போது நீ அந்தப் பக்கம் வேலைக்கு வருவதைச் சொன்னேன். மறைக்கக் கூடாது என்று தோன்றியது. அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்தாள். பிறகு, "தம்பியை மொதல்ல இங்க வரச் சொல்லுங்கக்கா. மருந்துப் பையைத் தொறக்க முன்னாடி உக்காந்து சாப்பிடட்டும். நாங்க என்ன திங்கிறோமோ அதைத்தான் போடுவேன். சாப்பிட்ட பொறகு எவ்வளவு அடிக்கணும்னு சொல்லட்டும், அந்த அளவே அடிக்கிறேன்" என்றாள். அதைக் கேட்டதும் உன்னை அனுப்பக் கூடாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இருபது வருடம் பார்த்துப் பார்த்து ஊட்டின பிள்ளையல்லவா. பஸ் பேராதனைக்கு வந்து சேரும் வரைக்கும் உன்னிடம் சொல்லாமல் விட ஒரு வழி தேடிக்கொண்டே வந்தேன்.

வழி இல்லை. போ, தம்பி. மத்தியானத்தில் போ, பசியோடு போ.

அம்மா